வாசகர் கேள்விகள்: பழைய வீதிகளைக் காப்பது

கேள்வி: புகழ்பெற்ற இரண்டு மூன்று கட்டடங்களைக் காத்தால் போதாதா? சாதாரண வீடுகள் நிறைந்த பகுதி முழுவதையும் காக்கச் சட்டம் எதற்கு?

பதில்: போதாது. ஒரு மாளிகையின் உயரமும் அழகும் அதைச் சூழ்ந்த தாழ்ந்த கூரைகளையும் குறுகிய சந்துகளையும் ஒட்டி அமைந்தவை. அவை இடிக்கப்பட்டால் மாளிகை நின்றாலும் அதன் பொருள் போய்விடும். இதை உணர்ந்த அமெரிக்க நகரமான சார்ல்ஸ்டன், 1931இலேயே ஒரு பகுதி முழுவதற்கும் பாதுகாப்பு விதி வகுத்தது. நினைவுச்சின்னம் என்பதில் அதன் சூழலும் அடங்கும் என்று பழைய கட்டடங்களைக் காப்பதற்கான சர்வதேச நெறிமுறை ஆவணமான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் கூறியது.

ஆனால், சட்டத்தால் கல்லைக் காக்க முடிந்த அளவுக்கு மனிதர்களைக் காக்க முடிந்ததில்லை என்பதே என் பெருங்கவலை. பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோவின் முயற்சியால் பிரான்சில் 1962இல் வந்த சட்டம் பாரிஸின் மரே பகுதியை இடிப்பிலிருந்து மீட்டது. வீடுகள் பொலிவு பெற்றன, வாடகையும் ஏறியது, அங்கு தலைமுறைகளாகத் தொழில் செய்த கைவினைஞர்களும் எளிய குடும்பங்களும் வெளியேறினர். இத்தாலியின் பொலோன்யா நகராட்சி இதற்கு மாற்றுவழி தேடியது. புறநகரில் புது வீடு கட்டுவதற்கான பொது வீட்டுவசதி நிதியை 1973இல் பழைய நகரின் வீடுகளைப் பழுதுபார்க்கத் திருப்பி, அங்கு வசித்தவர்களையே அங்கே தங்கவைக்க முயன்றது. அத்திட்டம் முழுமையாக நிறைவேறாவிட்டாலும், பாதுகாப்பு விதியோடு வாடகை வரம்பையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பதை அதிலிருந்தே நான் கற்றேன்.

கேள்வி: பாதுகாக்கப்பட்ட வீதியில் எங்கள் வீடு உள்ளது. சுவரின் அடியில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. சிமெண்ட் பூசலாமா?

பதில்: தயவுசெய்து பூச வேண்டாம். பழைய வீதிகளை இடிப்பவர்கள் மட்டுமே அழிப்பதில்லை. நல்லெண்ணத்தோடு செய்யும் இத்தகைய பழுதுபார்ப்பும் அழிக்கிறது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர், உள்ளே ஏறும் ஈரத்தைத் தன் மேற்பரப்பு வழியாக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் இன்னும் மேலே ஏறுவதோடு, அதில் கரைந்துள்ள உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, கல்லைப் பொரியச் செய்து உதிர்க்கிறது. செங்கற்களுக்கு இடையே வைக்கும் இணைப்புச் சாந்து எப்போதும் செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய்வது சாந்தாக இருந்தால் மாற்றிவிடலாம், செங்கல்லாக இருந்தால் சுவரே போய்விடும்.

முதலில் மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா, வெளித்தரை வீட்டின் தரைமட்டத்தைவிட உயர்ந்துவிட்டதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்து, உதிர்ந்த பூச்சை நீக்கி, உப்பைத் துடைப்பத்தால் உலர்வாகவே பெருக்கி எடுத்துவிட்டு, சுவர் நன்றாக உலர்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சைத் தொடங்குங்கள். இதற்குச் சில மாதங்கள் பிடிக்கலாம்.