புது வீட்டில் பூனையைக் காணோம்

கேள்வி: நேற்று மதியம் மேடவாக்கத்தில் ஒரு வாடகை ஃபிளாட்டுக்குக் குடிவந்தோம். கூடையைத் திறந்ததும் ஓடிய எங்கள் பூனை மினு அப்புறம் கண்ணில் படவே இல்லை. வைத்த சாப்பாடு அப்படியே இருக்கிறது. சாமான் இறக்கும்போது வாசல் கதவு ரொம்ப நேரம் திறந்திருந்தது. எல்லோரும் மாறி மாறிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டோம். மகள் அழுதுகொண்டே இருக்கிறாள். என்ன செய்வது? - ஒரு வாசகி

பதில்: மகளைத் தேற்றுங்கள். மினு பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கும். பழைய வீட்டில் மூலைக்கு மூலை அதன் வாசனை இருந்தது, இங்கே பெயின்ட் நெடியும் தெரியாத ஆட்களும் பீரோவை இழுக்கிற சத்தமும்தான். பயந்துபோன பூனை முதலில் கிடைக்கிற இருட்டுச் சந்துக்குள் புகுந்து அசையாமல் உட்கார்ந்துவிடும். நீங்கள் கூப்பிடுவது அதற்கு நன்றாகவே கேட்கிறது, பயம் தெளியாததால் குரல் கொடுக்காமல் இருக்கிறது. அதனால் கூப்பிடுவதை நிறுத்துங்கள். நாலு பேர் சேர்ந்து கட்டிலை நகர்த்தித் தேடுவதையும்தான், அது பயத்தைக் கூட்டும், பூனை இன்னும் உள்ளே போகும்.

கதவு திறந்திருந்ததால் ஒருவர் மட்டும் கீழே போய் மாடிப்படி அடி, மோட்டார் ரூம், நிற்கிற வண்டிகளின் அடி எல்லாம் பார்த்துவிட்டு வாட்ச்மேனிடமும் சொல்லி வைக்கட்டும். உள்ளேதான் இருக்கிறதா என்று உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. ராத்திரி படுக்கப் போகுமுன் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றியும் அறை வாசல்களிலும் அரிசி மாவை லேசாகத் தூவிவிடுங்கள். வீடு அடங்கினபின் மினு வெளியே வந்தால், கிருஷ்ண ஜெயந்திப் பாதம் மாதிரி விடிகாலையில் தடம் தெரியும், எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிடும்.

தேடுவதை ஒருவரே செய்யுங்கள். முதலில் ஜன்னல், பால்கனிக் கதவு எல்லாவற்றையும் சாத்திவிட்டு, ஓர் அறையை முழுக்கப் பார்த்து முடித்து அதன் கதவை மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள், இல்லையென்றால் உங்களுக்குப் பின்னாலேயே அது இடம் மாறும். நின்றுகொண்டு குனிந்து பார்த்தால் போதாது, தரையோடு தரையாகப் படுத்து டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடியுங்கள். பூனையின் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற ஒரு படலம் இருக்கிறது. டார்ச் வெளிச்சம் பட்டால் பெரும்பாலும் இரண்டு பச்சைப் புள்ளியாக மின்னும்.

முதலில் சோபா. அதன் அடியில் பின் அடித்த மெல்லிய கறுப்புத் துணி இருக்கும், ஓர் ஓரம் கிழிந்திருந்தாலே போதும், உள்ளே ஏறி ஸ்பிரிங்குக்கு நடுவில் படுத்துக்கொள்ளும். கீழிருந்து உள்ளங்கையால் மெதுவாகத் தடவினால் ஒரு கனம் தட்டுப்படும். அதுவரை யாரும் சோபாவில் உட்காரக் கூடாது. தலை நுழைகிற இடைவெளியில் பூனையின் முழு உடம்பும் நுழைந்துவிடும், கழுத்துக்குக் கீழே இருக்கிற அதன் காறை எலும்பு நம்முடையதைப் போல மற்ற எலும்புகளோடு பூட்டிக்கொண்டிருப்பதில்லை. அதனால் ஃபிரிட்ஜின் பின்பக்கம், சிங்க்குக்கு அடியில் சிலிண்டர் சந்து, பரண், பிரிக்காத அட்டைப்பெட்டிகள், சுருட்டி வைத்த மெத்தை என்று எதையும் ‘இதற்குள் போகாது’ என்று விட்டுவிடாதீர்கள். மேஜை இழுப்பறைக்குப் பின்னாலும் போய் ஒடுங்கியிருக்கும், அழுத்தி மூடினால் நசுங்கிவிடும். உள்ளே கைவிட்டுப் பார்க்காமல் வாஷிங் மெஷினைப் போடாதீர்கள். பீரோவில் அந்துருண்டை இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், பூனைக்கு அது விஷம்.

கண்டுபிடித்துவிட்டால் கையை விட்டு இழுக்காதீர்கள். இது ரொம்ப முக்கியம். பயத்தில் கடிக்கும், கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இருக்கிற இடத்திலேயே விடுங்கள். பக்கத்தில் தண்ணீர், சற்றுத் தள்ளி மணல் தட்டு, பழைய வீட்டில் அது படுத்துக்கொண்டிருந்த துவைக்காத துணி. மத்தியோ நெத்திலியோ உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, முள் எடுத்து, வெதுவெதுப்பாக வையுங்கள். சூட்டில் வாசனை தூக்கலாக வரும். விளக்கை அணைத்துவிட்டு வந்துவிடுங்கள், அது வரும்போது வரட்டும்.

ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் பொறுமை வேண்டாம். கண்டுபிடித்த பிறகும் எதையுமே தொடவில்லை என்றால் உடனே கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். நாள் கணக்கில் பட்டினி கிடந்தால் பூனைக்கு ஈரல் கெட்டுவிடும், உடம்பு பெருத்த பூனைக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். மினு ஆணா பெண்ணா என்று நீங்கள் எழுதவில்லை. ஆணாக இருந்து, மணல் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தும் சிறுநீர் வராவிட்டால் ராத்திரி என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், சிறுநீர் அடைப்பு உயிரையே எடுத்துவிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் அப்படித்தான். பக்கத்தில் மருத்துவர் கிடைக்காவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வெளியே வந்ததும் முழு வீட்டையும் திறந்துவிடாமல் சில நாள் ஒரே அறையில் வைத்திருங்கள். நன்றாகச் சாப்பிட்டு, உங்கள் காலில் வந்து உரச ஆரம்பித்தபின் மற்ற அறைகளைத் திறக்கலாம். பால்கனியை மட்டும், கிரில்லில் தலை நுழைகிற இடைவெளி எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் வலை கட்டிய பிறகு திறங்கள்.