தேவாரமும் ஓதுவாரும்: வாசகர் கேள்வி – பதில்

சிவன் கோயிலில் தீபாராதனை முடிந்ததும் ஒருவர் கைத்தாளத்தோடு நின்று பாடுகிறார். அவரும் குருக்கள்தானா?
– வாசகர், விருத்தாசலம்

இல்லை, அவர் ஓதுவார். கருவறைக்குள் ஆகமப்படி அபிஷேகமும் அர்ச்சனையும் செய்பவர் சிவாச்சாரியார். ஓதுவார் தீட்சை பெற்றவர். மண்டபத்தில் நின்று திருமுறை (தேவாரம், திருவாசகம் முதலான சைவப் பாடல்கள்) ஓதுவது அவர் பணி. பூசை முடிந்தபின் நடக்கும் பாட்டுக் கச்சேரி என்று அதை எண்ணிவிடாதீர்கள். இறைவனுக்குச் செய்யும் உபசாரங்களில் அதுவும் ஒன்று. அவர் ஓதி முடித்த பிறகு திருநீறு கொடுப்பதே முறை. பாட்டு நடக்கும்போதே தட்டை நீட்டுவதும், பக்தர்கள் முண்டியடிப்பதும் மனத்தை வருத்துகின்றன.

ராஜராஜ சோழன்தான் தேவாரத்தை முதன்முதலில் கோயில்களில் பாட வைத்தான் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், தஞ்சாவூர்

பாதி உண்மை. சிதம்பரத்தில் பூட்டிய அறைக்குள் கரையான் அரித்துக் கிடந்த ஏடுகளை அரசன் மீட்டான், நம்பியாண்டார் நம்பி தொகுத்தார், திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி பண் (பாட்டுக்குரிய பழந்தமிழ் இசைமுறை) வகுத்துக் கொடுத்தார் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. சம்பந்தர் பதிகங்கள் பலவற்றில் 7-ஆம் பாட்டு வரவேண்டிய இடத்தில் ‘சிதைந்து போயிற்று’ என்ற குறிப்பை மட்டும் இன்றும் பார்க்கலாம். ஏடுகள் அழிந்தது வெறும் கதையில்லை.

ஆனால் பாடும் வழக்கம் ராஜராஜனுக்கு முந்தியது. வேலூர்ப் பக்கத்துத் திருவல்லத்தில் உள்ள 9-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலக் கல்வெட்டிலேயே திருப்பதியம், அதாவது தேவாரப் பதிகம், பாடுவாருக்கு நிவந்தம் (கோயில் பணிக்கான மானியம்) இருக்கிறது.

ராஜராஜன் (985–1014) செய்தது வேறு. அந்தப் பணிக்கு நிலையான சோற்றுக்கு வழி செய்தான். பெரிய கோயிலில் ‘திருப்பதியம் விண்ணப்பம் செய்ய’ 48 பிடாரர்கள் (பதிகம் பாடுவோர்), உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். தலைக்கு நாள்தோறும் 3 குறுணி நெல். குறுணியும் கலமும் அந்தக் கால முகத்தல் அளவுகள்; கலத்துக்கு 12 குறுணி. ஐம்பது பேருக்கும் சேர்த்து நாளுக்குப் பன்னிரண்டரைக் கலம் ஆகிறது.

அதைவிட அருமையானது, ஆள் மாறும்போது என்ன செய்வது என்று கல்லிலேயே எழுதி வைத்திருப்பது. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைப் பாட வைக்க வேண்டும். உறவினரே இல்லையென்றால் மற்றப் பிடாரர்கள் கூடித் தகுந்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பரம்பரை உரிமையைக் கொடுத்த அதே கல்வெட்டு, பாடத் தெரியாதவர் பாடக் கூடாது என்றும் கட்டிப்போட்டிருக்கிறது!

எங்கள் ஊர்க் கோயிலில் ஓதுவார் இல்லை. அடியார்களே பஞ்சபுராணம் ஓத விரும்புகிறோம். முறை என்ன?
– வாசகர், டொராண்டோ

தாராளமாக ஓதலாம். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் அடியார் எவரும் முன்வந்து ஓதுவது நெடுநாள் வழக்கம்.

முதலில் ‘திருச்சிற்றம்பலம்’ சொல்லுங்கள். பிறகு தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற வரிசையில் ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. ஈழத்தில் திருப்புகழும் சேர்ப்பார்கள். கடைசியில் கந்தபுராணத்து ‘வான்முகில் வழாது பெய்க’ வாழ்த்து. மறுபடி ‘திருச்சிற்றம்பலம்’ சொல்லி நிறுத்துங்கள். அந்தத் தலத்துக்கே தேவாரப் பதிகம் இருந்தால் முதல் பாட்டு அதிலிருந்து அமைவது சிறப்பு.

தவறு பெரும்பாலும் சொல் பிரிப்பதில்தான் நேர்கிறது. பதிப்புகள் சீர் பிரித்து அச்சிட்டிருப்பதால், அப்பரின் முதல் பதிகம் ‘கூற்றாயின வாறுவி லக்ககிலீர்’ என்று கண்ணில் படும். ‘வாறுவி’ என்று நிறுத்தி மூச்சு வாங்கினால் பொருள் செத்துவிடும். ‘கூற்று ஆயினவாறு விலக்ககிலீர்’, அதாவது எமனாக வந்த இந்த நோயை விலக்காமல் இருக்கிறீரே என்று முறையிடுகிறார். பாடுவதற்கு முந்தின நாளே பென்சிலால் சொல் பிரித்து, மூச்சு விடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதிகம் முழுவதும் ஓதும் நாளில் நேரமில்லை என்று கடைசிப் பாட்டை விடாதீர்கள். சம்பந்தர் தம் பெயரையும் ஓதுவதன் பயனையும் வைத்திருப்பது அந்தத் திருக்கடைக்காப்பில்தான்.

பெண்கள் ஓதுவாராகலாமா?
– வாசகர், மதுரை

ஆகலாம். 2021 ஆகஸ்டில் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்கு அரசே ஒரு பெண் ஓதுவாரை நியமித்தது. பண் வகுத்தவரே ஒரு பெண் என்று புராணம் சொல்லும்போது இதில் வியக்க என்ன இருக்கிறது?

கர்நாடக சங்கீதம் கற்ற என் மகள் தேவாரத்தைத் தனக்குப் பிடித்த ராகத்தில் பாடுகிறாள். சரியா?
– வாசகர், கோயம்புத்தூர்

வீட்டில் பாடட்டும், நல்லதுதான். சந்நிதியில் பாடும்போது பண்ணை மாற்ற வேண்டாம். புத்தகத்தில் பதிகத்தின் தலைப்பிலேயே பண் இருக்கும். ஓதுவார் மரபில் நட்டபாடைக்கு நாட்டை, பழம்பஞ்சுரத்துக்குச் சங்கராபரணம், கௌசிகத்துக்குப் பைரவி, மேகராகக் குறிஞ்சிக்கு நீலாம்பரி, புறநீர்மைக்குப் பூபாளம் என்று பாடுகிறார்கள். அப்பரின் தாண்டகங்களுக்குத் தாளம் கிடையாது. ஹரிகாம்போதியில் சுத்தாங்கமாக, அதாவது தாளக்கட்டு இல்லாமல், வரும். திருவாசகத்துக்கு மோகனம்.

ராகம் கற்றவர்களுக்குள்ள சிக்கல் நிரவலும் சங்கதியும்தான். ஒரே அடியை ஐந்தாறு விதமாகத் திருப்பினால் கேட்பவர் கவனம் குரலுக்குப் போய்விடும், பாட்டின் பொருள் நழுவிவிடும். ஓதும்போது அடியை ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை பாடி மேலே போகச் சொல்லுங்கள். ‘தோடுடைய செவியன்’ பதிகத்தை நாட்டையில் தொடங்கட்டும். திருமுறையின் முதல் பதிகமும் அதுவே.