மகன் பையில் மாத்திரை அட்டை: கல்லூரிப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கல்லூரிகள் திறக்கும் மாதங்களில் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. பிள்ளையின் வயது, என்ன பொருள், எவ்வளவு நாளாக என்ற மூன்றையும் எழுதுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். இந்த முறையும் பத்தில் ஏழு கடிதங்களில் அவை இல்லை.

கே: மகன் கோவையில் பொறியியல் சேர்கிறான். முதல்முறையாக விடுதியில் தங்கப் போகிறான். என்ன சொல்லி அனுப்புவது? (தாய், நாமக்கல்)

ப: சத்தியம் வாங்காதீர்கள். குலதெய்வத்தின் முன் சூடம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்த பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை மீறிவிட்டால் அதை வீட்டில் சொல்ல வழியே இல்லாமல் போகிறது; அங்கேதான் மறைப்பு தொடங்குகிறது. "எந்த நேரமானாலும், என்ன செய்திருந்தாலும் முதலில் எனக்கு போன் செய், அன்றைக்குத் திட்ட மாட்டேன்" என்று சொல்லி அனுப்புங்கள். சொன்னால் காப்பாற்ற வேண்டும். மறுநாள் பேசிக்கொள்ளலாம், அன்றைக்குத் திட்டக் கூடாது.

மூத்த மாணவர் அறையில் யாரோ நீட்டும்போது மறுக்க, பையனுக்கு ஒரு சாக்கு தேவை. "எனக்கு வீசிங் இருக்கிறது", "அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார்" என்று எதையாவது இப்போதே சொல்லிக் கொடுங்கள். பழி உங்கள் மேல் விழட்டும். கட்டணங்களை நீங்களே நேராகக் கல்லூரிக்குக் கட்டிவிடுங்கள். கைச்செலவை மாதமொத்தமாகக் கொடுக்காமல் வாரத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள்.

கஞ்சாவைப் பற்றியே பேசி மதுவை மறந்துவிடவும் வேண்டாம். 2019இல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் மது அருந்துபவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம். கஞ்சா, பாங்கு இரண்டும் சேர்ந்தே 3 சதவீதம்தான். விடுதியில் பெரும்பாலும் முதலில் வருவது சிகரெட், அடுத்தது பீர்.

கே: பையனின் கண்கள் எப்போதும் சிவந்திருக்கின்றன. கஞ்சாவா? (தந்தை, திருநெல்வேலி)

ப: வயது இல்லை, எத்தனை நாளாக என்பதும் இல்லை. மெட்ராஸ் ஐ வந்தாலும் கண் சிவக்கும்; இரவு மூன்று மணி வரை போன் பார்த்தாலும் சிவக்கும். ஒரே ஓர் அறிகுறியை வைத்துப் பிள்ளைக்குப் பட்டம் கட்டாதீர்கள். உறக்க நேரம், நண்பர்கள், பணம், அரியர், குளிப்பதிலும் சாப்பிடுவதிலும் இருந்த ஒழுங்கு ஆகியவற்றில் மூன்று நான்காவது, சில வாரங்களுக்குள் ஒன்றாக மாறியிருந்தால் பேசுங்கள். காலையில், வயிறு நிறைந்த பிறகு பேசுங்கள். இரவில், கோபத்தில் பேசாதீர்கள்.

கே: சிறுநீரில் போதையைக் கண்டுபிடிக்கும் கிட் வாங்கி வைத்திருக்கிறேன். மகன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சோதிக்கலாமா? (தந்தை, சேலம்)

ப: வேண்டாம். கஞ்சாவை ஒரே ஒருமுறை புகைத்தால் மூன்று நாள் போல் தெரியும். தினமும் புகைப்பவர் நிறுத்தி ஒரு மாதம் ஆனாலும் தெரியலாம். இன்று இளைஞர்களிடம் அதிகம் புழங்கும் வலி மாத்திரைகள் சாதாரண கிட்டில் தெரிவதே இல்லை. சில இருமல் மருந்துகள் போதைப்பொருளாகத் தெரிவதும் உண்டு. ஆக, "இல்லை" என்று வந்தால் வீண் நிம்மதி, "உண்டு" என்று வந்தால் வீட்டில் போர். சிகிச்சையில் இருக்கும்போது, பையனும் ஒப்புக்கொண்டு, மருத்துவர் கேட்டுச் செய்யும் சோதனைக்கு மட்டுமே பொருள் உண்டு.

கே: மகனுக்கு 19 வயது. துணி துவைக்க எடுத்தபோது பையில் வலி மாத்திரை அட்டைகளும் ஒரு சிரிஞ்சும் கிடைத்தன. கை நடுங்குகிறது. (தாய், மதுரை)

ப: அம்மா, இந்தக் கடிதத்துக்கு மட்டும் அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்ற பெற்றோருக்காக இங்கும் எழுதுகிறேன்.

நீங்கள் பெயர் எழுதியிருந்த மாத்திரை டேபென்டடால். ஓபியம் வகை வலிநிவாரணி. டிராமடால் என்ற இதே வகை வலி மாத்திரையை 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு அந்த இடத்தை இது பிடித்துக்கொண்டது. இதைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் உள்ள மாவுப்பொருள் இரத்தக் குழாயை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் சியும் எச்.ஐ.வி.யும் வரலாம். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம்.

அறையில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். தூக்க மாத்திரையும் பல வாரங்களாகச் சேர்த்துப் போட்டிருந்தால், திடீரென்று நிறுத்தும்போது வலிப்பு வரலாம். எந்த மாத்திரையையும் வீட்டிலேயே திடீரென நிறுத்த வேண்டாம் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதினாலும் தகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பணம் கேட்க மாட்டார்கள். இந்தப் பழக்கத்துக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன, இரத்தப் பரிசோதனையும் அங்கேயே செய்வார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்ற கடை எது என்று தெரிந்தால், போதைப்பொருள் பற்றிப் புகார் சொல்லும் 10581 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கே: குடியை மறக்கச் சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி நல்லதா? (பெயர் வேண்டாம், விழுப்புரம்)

ப: கொடுக்காதீர்கள். அதில், மதுவோடு சேர்ந்தால் உடலுக்கு ஒத்துக்கொள்ளாத டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்து, அது தெரியாமல் பையன் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

கே: மகனுக்கு 20 வயது, மூன்றாம் ஆண்டு படிக்கிறான். இரண்டு வருடமாகக் கஞ்சா. ஒரு மறுவாழ்வு மையத்தில் கேட்டோம். இரவில் வண்டியோடு நான்கு பேர் வந்து தூக்கிப் போவார்களாம். மூன்று மாதம் யாரும் பார்க்கக் கூடாதாம். 75 ஆயிரம் ரூபாயாம். சேர்க்கலாமா? (தந்தை, தருமபுரி)

ப: சேர்க்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் என்னால் நிதானமாக எழுத முடிவதில்லை.

இருபது வருடங்களாக, இப்படித் தூக்கிச் செல்லப்பட்ட பையன்கள் பிறகு என்னிடம் வருகிறார்கள். தங்கை பார்த்துக்கொண்டிருக்க, உறக்கத்திலிருந்து எழுப்பிக் கையைக் கட்டி, வாயைப் பொத்தி வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். உள்ளே அடி, பட்டினி, ஒரே அறையில் முப்பது பேர். ஒரு பையன் கஞ்சாவைக் கடைசியாகத் தொட்டு ஆறு வருடம் ஆகிறது. இன்றும் இரவில் வாசலில் வண்டி நின்றால் பின்கட்டுக்கு ஓடிவிடுகிறான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அப்பாவிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அப்பா என் அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். கெட்டவர் இல்லை, பயந்துபோனவர். உங்களைப் போலத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் போதை நோயாளிகளுக்கும் பொருந்தும். மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 வயது நிறைந்த ஒருவரை அவர் சம்மதமின்றிச் சேர்ப்பதானால், அவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து இருக்க வேண்டும், அல்லது தன்னையே கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் அவர் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்ப வேண்டும். அப்படியும் முதலில் 30 நாள்தான். சங்கிலியால் கட்டுவதற்குத் தடை இருக்கிறது. பார்வையாளரைச் சந்திப்பதும் போனில் பேசுவதும் நோயாளியின் உரிமை. மூன்று மாதம் பார்க்கக் கூடாது என்று ஒரு மையம் சொன்னால், உள்ளே நடப்பது உங்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான் அர்த்தம்.

எந்த மையமானாலும் நான்கைக் கேளுங்கள். பதிவுச் சான்றிதழ் எங்கே? மனநல மருத்துவர் எந்தெந்த நாள்களில் வருகிறார்? எந்தக் கிழமை மகனைப் பார்க்கலாம்? படுக்கும் இடத்தையும் சமையலறையையும் இப்போதே காட்டுவீர்களா? ஒன்றுக்கு மழுப்பினாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஒழுங்காக நடக்கும் இடங்கள் நம்மிடமே இருக்கின்றன. சென்னையில் 1980 முதல் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனையில் குடும்பத்தினரையும் சேர்த்தே சிகிச்சைக்கு அழைக்கிறார்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் இருக்கிறது. யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446க்கு போன் செய்து கேளுங்கள், கட்டணம் இல்லை.

இன்னொன்று: கஞ்சாவுக்குப் பெரும்பாலும் உள்ளே சேர்க்கவே தேவையில்லை. நிறுத்தியதும் இரண்டு மூன்று வாரங்கள் உறக்கம் வராது, பசிக்காது, எரிந்து விழுவான். அதைத் தாண்டிய பிறகு பல மாத ஆலோசனை. படிப்பைத் தொடர்ந்துகொண்டே செய்யலாம்.

கே: கஞ்சா சித்தர்களே பயன்படுத்திய மூலிகை என்று மகன் வாதம் செய்கிறான். என்ன பதில் சொல்ல? (தந்தை, தஞ்சாவூர்)

ப: வாதத்தில் இறங்காதீர்கள். அரளியும் செடிதான். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில், அவன் தாய்மாமனுக்கு மனச்சிதைவு நோய் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். மனச்சிதைவு தலைகாட்டும் வயது பெரும்பாலும் 18 முதல் 25. குடும்பத்தில் அந்நோய் இருப்பவர்களுக்குக் கஞ்சாவால் அது வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். சித்தர்களை விட்டுவிட்டு மாமாவைப் பற்றிப் பேசுங்கள். யாரோ பின்தொடர்கிறார்கள், தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று அவன் சொல்லத் தொடங்கினால் அதே வாரம் மருத்துவரிடம் போக வேண்டும்.

கே: பெண் பிள்ளைதானே, இந்தப் பயம் தேவையா? (தாய், திருச்சி)

ப: தேவை. பெண்கள் சிகிச்சைக்குத் தாமதமாக வருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கே: ஒருமுறை கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டால் வாழ்க்கையே முடிந்ததா? (தந்தை, கரூர்)

ப: இல்லை. கஞ்சா ஒரு கிலோ வரை போதைப்பொருள் சட்டத்தின் கணக்கில் சிறிய அளவு. அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லேசான விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு பற்றி ஒருவரும் பெற்றோருக்குச் சொல்வதில்லை. பழக்கத்துக்கு அடிமையானவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால், சிறிய அளவு வழக்கில் விலக்குப் பெற வழி இருக்கிறது. வழக்கறிஞரிடம் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கே: அறை நண்பன் எதையோ போட்டுவிட்டு எழுப்பினால் எழவில்லை. கல்லூரிக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து விடியும்வரை காத்திருந்தோம். பிழைத்துவிட்டான். செய்தது சரியா? (மாணவர், சென்னை)

ப: தவறு, தம்பி. எழுதியதற்கு நன்றி. மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகி, கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கியிருந்தால் நிமிடங்கள்தான் இருக்கின்றன. உடனே 108. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி புரையேறாது. மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள். தனியே விடாதீர்கள். என்ன போட்டான் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அட்டை இருந்தால் கையோடு கொண்டு போங்கள். ஓபியம் வகைக்கு மாற்று மருந்து இருக்கிறது. எது என்று தெரிந்தால்தான் அவர்கள் விரைந்து கொடுக்க முடியும்.

கே: கூல் லிப் புகையிலைதானே, போதைப்பொருள் இல்லையே? (தாய், திண்டுக்கல்)

ப: புகையிலையில் உள்ள நிகோடின் போதைப்பொருள்தான். வாய்ப்புற்றுநோய்க்கும் அந்தப் புகையிலையே வழி.

கே: சொல்லாமல் விடுதிக்குப் போய்ப் பார்க்கலாமா? மகன் கோபித்துக்கொள்வானா? (தந்தை, ஈரோடு)

ப: போங்கள், ஆனால் பெட்டியைத் திறந்து பார்க்கப் போகாதீர்கள். வீட்டிலிருந்து பிரியாணியோ முறுக்கோ ஐந்தாறு பேருக்குக் காணும்படி எடுத்துப் போய், அறையில் இருப்பவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். திரும்பி வரும்போது அந்தப் பையன்களின் பெயரும் ஊரும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களில் இருவரின் போன் எண்ணாவது உங்கள் கையில் இருக்க வேண்டும்.