குளிர்காலத் தொடக்கத்தில் மலையேற்றம்: "கொஞ்சம்தான் பனி பெய்திருக்கிறது, சாதாரண ஹைக்கிங் ஷூ போதுமா?"

போதாது. "கொஞ்சம்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கோடையில் நன்றாக நடந்து பழகியவர், பிடிப்புள்ள ஷூ வைத்திருப்பவர், முதல் பனியில் ஏறிப் பார்க்க ஆசைப்படுபவர் என்று நினைக்கிறேன்.

நடுக்குளிர்காலத்தில் பனி ஆழமாக விழுந்து, பலர் மிதித்து இறுகிய பாதையில் ஓரளவு கால் பதியும். தொடக்கத்தில் அப்படி இல்லை. பகலில் உருகிய தண்ணீர் பாதையின் குறுக்கே ஓடும், இரவில் உறையும், அதன் மேல் விரல் கனத்துக்குப் புதுப் பனி விழும். மேலே பார்க்க மெத்தென்று இருக்கும், அடியில் கண்ணாடி. வட அரைக்கோளத்தில் என்றால் வடக்கு பார்த்த சரிவுகளில் இது நாள் முழுக்க உருகாமலே கிடக்கும். 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் 5 டிகிரி என்றால் மேலே உறைநிலைக்கும் கீழே போய்விடும்.

நாங்கள் ஐந்து பேர் போனபோது கீழே நல்ல வெயில், காய்ந்த சருகு. ஜாக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் ஏறினோம். ஒரு வளைவு திரும்பியதும் நிழல். பாறையிலிருந்து கசிந்த தண்ணீர் பாதை முழுக்க உறைந்து, பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது. முன்னால் போனவர் ட்ரெக்கிங் போலை, அதாவது கைக்கோலை, ஊன்றினார். முனை வெள்ளையாக ஒரு கோடு கிழித்துவிட்டு வழுக்கிப் போனது. ஐஸில் வழுக்காமல் இருக்க ஷூவின் மேல் மாட்டும் மைக்ரோஸ்பைக்ஸ் என்னிடமும் இன்னொருவரிடமும்தான் இருந்தது. "ஓரமா செடியைப் பிடிச்சிக்கிட்டே போயிடலாம்" என்றார் ஒருவர். "ஏறிடலாம், சரி. சாயங்காலம் களைச்சுப் போய் இதே இடத்துல எப்படி இறங்குவீங்க?" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. திரும்பினோம்.

"உன்னாலதான் அன்னைக்கு உச்சி போச்சு" என்று இன்னமும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அன்றைக்கு ஐந்து பேரும் சொந்தக் காலில் இறங்கி வந்தோம், அதில் எனக்குப் பெருமைதான். ஸ்பைக்ஸ் இல்லாமலே வருஷக்கணக்காகப் போகிறோம் என்று அனுபவசாலிகள் இங்கே வந்து சொல்வீர்கள் என்பதும் தெரியும். உங்கள் திறமையை நான் மறுக்கவில்லை. கேள்வி கேட்டவர் முதல் தடவை போகிறவர், அவருக்குத்தான் எழுதுகிறேன்.

மைக்ரோஸ்பைக்ஸ் என்பது ஷூவின் மேல் இழுத்து மாட்டும் ரப்பர் பட்டையும், அடியில் சங்கிலியில் கோத்த சின்னப் பற்களும். மிதமான சரிவுக்கு அது போதும். செங்குத்தான இறுகிய ஐஸ் என்றால் பூட்ஸில் பூட்டும் நீண்ட கூர்முனைகள் கொண்ட கிராம்பானும், ஐஸில் கொத்திப் பிடிக்கும் கோடரியான ஐஸ் ஆக்ஸும் வேண்டும், அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் வேண்டும். ஐஸில் கால் வைப்பதற்கு முன்பே, சமதளத்தில் உட்கார்ந்து மாட்டிக்கொள்ளுங்கள். ஈரப்பனி அடியில் உருண்டையாக ஒட்டிக்கொண்டால் பல் தரையைத் தொடாது, ட்ரெக்கிங் போலால் தட்டிவிட்டு நடக்க வேண்டும்.

அப்புறம், இதைச் சொல்லாமல் விட மனசில்லை. பெண்களுக்கான பல குளிர் ஜாக்கெட்டுகளில் ஏன் உள்பாக்கெட் வைப்பதில்லை? குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும், உடம்போடு ஒட்டி வைத்தால்தான் தாங்கும். என் தம்பியின் ஜாக்கெட்டில் இரண்டு உள்பாக்கெட், அதே கம்பெனியின் பெண்கள் ஜாக்கெட்டில் ஒன்றுகூட இல்லை, இடுப்பைப் பிடிக்கிற மாதிரி தையல் மட்டும் இருக்கிறது. கையுறையும் இதே கதைதான். நிறம் நிறமாகக் கிடைக்கிறது, உள்ளே பஞ்சு மெல்லிசு. ஆண்களுடையதை வாங்கினால் விரல் நுனியில் காலி இடம், ஸ்பைக்ஸ் பட்டையைப் பிடித்து இழுக்கவே முடியாது. மலைக்கு நாங்களும்தானே வருகிறோம்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பருத்தி உடை வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாமல் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், ஐஸ் மேலே இருந்துதான் கட்டும், மூடிப்பக்கம் உறையாமல் இருக்கும். பகல் குறைவு, ஹெட்லாம்ப் கட்டாயம். கூட வருபவர் வாய் குழறினாலோ, நடை தடுமாறினாலோ களைப்பு என்று விட்டுவிடாதீர்கள், உடல் வெப்பம் ஆபத்தாக இறங்கியிருக்கலாம். காற்றுப் படாத இடத்தில் உட்காரவைத்து, ஈர உடையை மாற்றி, சூடாக்கி, உடனே உதவி கூப்பிடுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கிளம்பும் முன்பே எல்லோரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்று பேச ஆரம்பித்தால் ஒருவரும் இறங்க ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.