பள்ளியை விட்டுச் சதுரங்கம் ஆடலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் தங்கள் மகள் பள்ளியை விட்டுவிட்டு முழுநேரமும் சதுரங்கம் ஆட விரும்புவதாகவும், சீனப் பிள்ளைகள் அப்படித்தான் கிராண்ட்மாஸ்டர் ஆகிறார்கள் என்று பயிற்சியாளர் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரான ஹோ யிஃபான் வந்த வழியைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

ஜியாங்சு மாகாணத்தின் சிங்ஹுவாவில் 1994இல் பிறந்தவர் அவர். தந்தையோடு புத்தகக் கடைக்குப் போகும்போதெல்லாம், அங்கே வைத்திருந்த கண்ணாடிச் சதுரங்கக் காய்களையே அந்த மூன்று வயதுக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்குமாம். அதைக் கவனித்த பிறகே தந்தை பலகை வாங்கிக் கொடுத்தார். (நம் வீடுகளில் பலகைதான் முதலில் வருகிறது.) 14 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார், 2010இல், 16 வயதில், உலக மகளிர் சாம்பியன் ஆனார்.

பயிற்சியாளர் சொல்லாமல் விட்டது இதற்குப் பிந்தைய கதை. புகழின் உச்சியில் இருந்த 2012இல் அவர் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் படிக்கச் சேர்ந்தார். அவ்வாண்டு இழந்த உலக சாம்பியன் பட்டத்தை, மாணவியாக இருந்தபடியே 2013இல் மீட்டார். பின்னர் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். 2020இல், 26 வயதில், ஷென்சென் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். வெறும் பட்டப்படிப்போ வெறும் பதக்கமோ அந்த வயதில் அந்த நாற்காலியைத் தந்திருக்காது என்பது என் கணிப்பு. இதற்கு விலை இல்லாமலும் இல்லை: 2015இல் 2686 வரை சென்ற அவருடைய ரேட்டிங் (ஆட்டத் திறனை அளக்கும் புள்ளி), உலகின் முன்னணி ஆட்டக்காரர்களுக்கான எல்லையாகக் கருதப்படும் 2700ஐத் தொடவில்லை, போட்டிகளும் பிறகு வெகுவாகக் குறைந்தன.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. சிறு வயதிலேயே பெய்ஜிங்கின் தேசியப் பயிற்சி மையம் அவரை ஏற்றுக்கொண்டது. பயிற்சிக் கட்டணம், பயணச் செலவு, தங்குமிடம் என அனைத்தையும் தானே சுமக்கும் குடும்பம் அந்த ஏற்பாட்டோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டால் கணக்கு தப்பிவிடும்.

ஆகவே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரை பள்ளியை விடவே வேண்டாம். போட்டி நாட்களுக்கு மட்டும் வருகைப்பதிவில் சலுகை கேட்டுத் தலைமையாசிரியருக்கு இப்போதே விண்ணப்பம் கொடுங்கள். அடுத்த முறை என்னைச் சந்திக்கும்போது, மகளின் கடந்த இரண்டு ஆண்டு ரேட்டிங் விவரத்தையும், அவர் தோற்ற ஐந்து ஆட்டங்களைப் பற்றித் தம் கையால் எழுதிய குறிப்புகளையும் கொண்டுவாருங்கள். மகளும் கட்டாயம் வரவேண்டும். பயிற்சியாளர் வரத் தேவையில்லை.