மருந்து முடிந்தும் இரண்டு கோடு ஏன்?

கேள்வி: எங்கள் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் என்று ரேபிட் டெஸ்டில் தெரிந்து, 28 நாள் டாக்சிசைக்ளின் கொடுத்தோம். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது. ஆனால் மறுபடி டெஸ்ட் எடுத்தால் அதே இரண்டு கோடு. மருந்து கேட்கவில்லையா?
- வாசகர், சத்துவாச்சாரி

பதில்: அந்தக் கிட் கிருமியைக் காட்டுவதில்லை. எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியாவை எதிர்த்து நாயின் உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியைத்தான் காட்டுகிறது. கிருமி போன பிறகும் அது மாதக்கணக்கில், சில நாய்களுக்கு வருடக்கணக்கில்கூட ரத்தத்தில் இருக்கும். குணமானதா என்று பார்க்க இந்த டெஸ்டுக்கு இன்னொரு தடவை காசு கொடுக்காதீர்கள்.

ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையைப் பாருங்கள். ஆரோக்கியமான நாய்க்கு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 2 முதல் 5 லட்சம் இருக்கும். மருந்து கேட்டிருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் ஏறிவிடும். ரத்தம் எடுப்பதில்தான் கோளாறு வரும். ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. குழாயில் கோடு வரைக்கும் மட்டும் நிரப்பி, எடுத்த கையோடு எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இல்லையென்றால் ரத்தம் உறைந்து தட்டணுக்கள் அதில் சிக்கிக்கொள்ளும். மிஷின் 40,000 என்று பயமுறுத்தும், மைக்ரோஸ்கோப் ஸ்லைடில் பார்த்தால் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். அதனால் எண்ணிக்கை குறைந்தால் ஸ்லைடையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே குறைவுதான் என்றால், மருந்து நிறுத்தி 2 வாரமாவது கழித்து, கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். டெஸ்ட் எடுக்கலாம். கூடவே பேபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணியையும் தேடச் சொல்லுங்கள். அதுவும் உண்ணியால் வருவதுதான், ஆனால் பாக்டீரியா இல்லை; டாக்சிசைக்ளின் மட்டும் அதற்குப் போதாது.

கேள்வி: நேற்றுதான் எங்கள் நாய்க்குக் காய்ச்சல் வந்தது. ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ். நம்பலாமா?
- வாசகி, காட்பாடி

பதில்: முழுசாக நம்ப வேண்டாம். ஆன்டிபாடி தெரிய 1 முதல் 3 வாரம் ஆகும். காய்ச்சல் அதற்கு முன்பே வந்துவிடலாம். முதல் மாத்திரைக்கு முன் பி.சி.ஆருக்கு ரத்தம் எடுத்து வையுங்கள், அல்லது இரண்டு மூன்று வாரம் கழித்துக் கிட்டை மறுபடி போடுங்கள்.

கிட்டையும் விசாரியுங்கள். பெரும்பாலானவை 30 டிகிரிக்குள் வைக்க வேண்டியவை. அக்னி நட்சத்திர வெயிலில் வேலூரில் பைக் பெட்டிக்குள் கிடந்த கிட்டுக்கு உத்தரவாதம் இல்லை. சி கோடு (கிட் வேலை செய்கிறது என்று காட்டும் கோடு) விழாவிட்டால் அந்த டெஸ்ட் செல்லாது. குறித்த நேரத்துக்குள் டி கோடு (ஆன்டிபாடியைக் காட்டும் கோடு) மங்கலாக வந்தாலும் பாசிட்டிவ்தான். நேரம் தாண்டி வரும் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

நம் பக்கத்தில் மனிதர்களுக்கு வரும் ஸ்க்ரப் டைபஸையும் உண்ணிக் காய்ச்சல் என்றே சொல்கிறார்கள். அது வேறு கிருமி, வேறு பூச்சி, நாயிடமிருந்து தொற்றுவதில்லை.