மாத மளிகைச் செலவு 20-ம் தேதிக்கே பட்ஜெட்டைத் தாண்டிவிடுகிறது. எப்படிக் கட்டுப்படுத்துவது?

கேள்வி கேட்டவர் வீட்டில் நான்கு பேர். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். பலசரக்கு, பால், காய்கறி, கறி, சோப்பு எல்லாம் சேர்த்து மாதம் 12,000 ரூபாய்க்குள் முடிக்க நினைக்கிறார். 20-ம் தேதியே பணம் தீர்ந்துவிடுகிறதாம். மொத்த விலைக் கடைக்கு மாறினால் சரியாகுமா, செல்போனில் செலவுக் கணக்குச் செயலி வைத்துக்கொண்டால் உதவுமா என்றும் கேட்டிருக்கிறார். எங்கள் வீடும் ஏறக்குறைய அப்படித்தான்; நான், கணவர், பிள்ளைகள், கூடவே அத்தை. ஊர் மதுரை. தொகையும் ஏறக்குறைய அதுவே என்பதால் எழுதுகிறேன்.

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் மாதத் தொடக்கத்தில் போடும் பட்டியலைத்தான் திருத்திக்கொண்டிருப்பார்கள். துவரம்பருப்பைக் கால் கிலோ குறைப்பது, கடுகை நூறு கிராமோடு நிறுத்துவது என்று. அங்கே பிடிப்பதற்கு அவ்வளவாக ஒன்றுமில்லை. எங்கள் கணக்கைச் சொல்கிறேன், பாருங்கள். அரிசி மூட்டை, பருப்பு வகைகள், எண்ணெய், நெய், புளி, மசாலா, காபித்தூள், கோதுமை மாவு, சோப்பு, சலவைத்தூள் எல்லாம் சேர்ந்து 5,300 ரூபாய். தினம் அரை லிட்டர் பால் பாக்கெட் இரண்டு, பாக்கெட் 22 ரூபாய் கணக்கில், மாதம் 1,350-ஐ ஒட்டி வரும். மீதி 5,350 ரூபாய் காய்கறி, பழம், முட்டை, கறி, மீன், நொறுக்குத் தீனி, திடீர்ச் செலவு. பட்டியல் போட்டு, யோசித்து வாங்குவது மொத்தத்தில் பாதிக்கும் குறைவு. மற்ற பாதி தினமும் பத்து, முப்பது, எண்பது என்று கையை விட்டுப் போகிறது. அதற்குப் பட்டியலும் கிடையாது, காவலும் கிடையாது.

இது நம் வீடுகளின் கதை மட்டுமல்ல. மத்திய அரசு 2022-23-ல் எடுத்த வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வில், நகரத்துக் குடும்பங்களின் மொத்தச் செலவில் உணவுக்குப் போவது 39 சதவீதம். அதில் அரிசி, கோதுமை போன்ற தானியங்களின் பங்கு மொத்தச் செலவில் 4 சதவீதத்துக்கும் குறைவு. பானங்கள், பலகாரங்கள், பாக்கெட் உணவுகள் ஆகியவற்றின் பங்கோ 10 சதவீதத்துக்கும் மேல். அரிசிக் கடையில் கிலோவுக்கு ஒரு ரூபாய் பேரம் பேசிவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் பேக்கரியில் நூற்றைம்பது ரூபாய் கொடுத்துவிட்டு வருகிறோம் என்று நான் அடிக்கடி சொல்வதுண்டு. என் கணவருக்கு இந்தப் பேச்சு பிடிக்காது.

ஆகவே அந்த 5,350-ஐத்தான் கட்ட வேண்டும். நாங்கள் அதை வாரக் கணக்காக்கிவிட்டோம். ஆனால் நான்கால் வகுக்காதீர்கள். மாதத்துக்கு நான்கு வாரம் என்று கணக்குப் போட்டால் 28-ம் தேதியோடு பணம் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் சாப்பிட வேண்டும் அல்லவா? ஐந்தால் வகுத்தால் வாரத்துக்கு 1,070 ரூபாய். ஐந்தாம் பங்கு மாதக் கடைசி நாட்களுக்கும், சொல்லாமல் வந்து நிற்கும் விருந்தாளிகளுக்கும். இந்தத் தொகையை ரொக்கமாகவே எடுத்து வைக்கிறேன். செல்போனில் பணம் அனுப்பும் வசதியைக் குறை சொல்லவில்லை. பால், கரண்ட் பில் எல்லாம் அதில்தான். ஆனால் காய்கறிப் பணம் பர்ஸில் தாளாக இருந்தால், வியாழக்கிழமை எவ்வளவு மிச்சம் என்று எண்ணிப் பார்க்காமலே தெரியும்.

காய்கறிக்கு உழவர் சந்தைதான் எங்களுக்கு ஆதாரம். 1999 நவம்பரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தையை எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. காலையில் அங்கே போனதும் விலைப் பலகையை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வேன். வாரம் முழுவதும் அதுதான் என் அளவுகோல். தெருவில் வரும் தள்ளுவண்டிக்காரரிடம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை, வாசலுக்கே கொண்டுவருகிறார். ஆனால் எவ்வளவு கூடுதல் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். மலிவாக வாங்குவதைவிட, வாங்கியது அழுகாமல் தீர்வதில் மிச்சம் அதிகம். கீரை வாங்கிய அன்றைக்கே. அடுத்த இரண்டு நாள் வெண்டை, கத்தரி, புடலை. வாரக் கடைசிக்குச் சேனை, வாழைக்காய், பூசணி, உருளை. இந்த வரிசை தவறினால் வெண்டைக்காய் முற்றி, கொத்தவரை வாடி, குப்பைக்கூடைக்குத்தான் போகும்.

விலை ஏறும் பொருளைத் துரத்தக் கூடாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியது நினைவிருக்கும். அப்போது எங்கள் வீட்டில் ரசத்துக்கும் குழம்புக்கும் புளிதான். 2025-ல் தேங்காயும் தேங்காய் எண்ணெயும் எட்டாத உயரத்துக்குப் போனபோது வேர்க்கடலைச் சட்னி, பொட்டுக்கடலைச் சட்னி, பூண்டு மிளகாய்ப் பொடி என்று ஓட்டினோம். சின்ன வெங்காயம் மிரட்டினால் பெரிய வெங்காயத்தில் சாம்பார் கொதிக்காமலா போய்விடும்? அத்தைக்கு மட்டும் சின்ன வெங்காயம் இல்லாத சாம்பார் சாம்பாரே அல்ல. அவர்களுக்காக நூறு கிராம் வாங்கித் தாளிப்பில் போட்டுவிடுவேன்.

அடுத்து இட்லி மாவு. வேலைக்குப் போகும் பெண்கள் உள்ள வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாத செலவு இதுதான். ஒரு கிலோ மாவுப் பாக்கெட் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை 45 முதல் 60 ரூபாய். வாரத்துக்கு மூன்று பாக்கெட் என்றால் மாதத்துக்கு அறுநூறு ரூபாயை ஒட்டியோ தாண்டியோ வரும். வீட்டில் ஒரு கிலோ இட்லி அரிசியும் கால் கிலோ உளுந்தும் போட்டு அரைத்தால் மூன்று கிலோ வரை மாவு கிடைக்கும். செலவு தொண்ணூறு ரூபாய்க்குள். நியாயவிலைக் கடைப் புழுங்கலரிசியைப் பாதி கலந்தால் இன்னும் குறையும், இட்லியும் நன்றாகவே வரும். ஆனால் இரவு எட்டு மணிக்கு வேலையிலிருந்து வருகிறவரிடம் போய் மாவாட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. பாக்கெட்தான் வாங்குவீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள், மாதத் தொடக்கத்திலேயே அதற்கு ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள். கணக்கில் வராத மாவுதான் 20-ம் தேதி பர்ஸைக் காலி செய்கிறது.

நியாயவிலைக் கடையைச் சிலர் கௌரவம் பார்த்து ஒதுக்குகிறார்கள். அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால் மாதம் இருநூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். பருப்பு வேகக் கொஞ்சம் நேரமெடுக்கும், அரை மணி நேரம் ஊற வைத்தால் சரியாகிவிடும். பாமாயிலை அப்பளம், வடகம் பொரிக்க மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

பாக்கெட் பொருட்களில் விலையை மட்டும் பார்க்காதீர்கள், எடையையும் பாருங்கள். முன்பு ஒரு கிலோ என்றால் ஒரு கிலோ, ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர். இப்போது 900 கிராம், 850 மில்லி என்று விதவிதமாக வருகின்றன. எண்ணெய் வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். 800 கிராம் பாக்கெட் ஐந்து ரூபாய் குறைவு என்றால் அது மலிவே அல்ல. கிராமுக்கு, மில்லிக்கு எவ்வளவு என்று பாக்கெட்டிலேயே சிறிய எழுத்தில் அச்சிடுகிறார்கள், அதை ஒப்பிட்டால் போதும். அரிசி மூட்டையிலும் இப்படித்தான். 2022 ஜூலை முதல் லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான மூட்டைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது; உடனே கடைகளில் 26 கிலோ மூட்டை முளைத்தது. எதை வாங்கினாலும் கிலோ கணக்குக்கு வகுத்துப் பார்த்து வாங்குங்கள்.

மாதப் பட்டியலில் நான் செய்யும் ஒரே ஏற்பாடு, டப்பாக்களைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுவது. போன மாதப் பட்டியலைப் பார்த்து எழுதினால் ரவை மூன்று பாக்கெட் சேர்ந்துவிடும், சீரகம் இல்லாமல் போகும். எண்ணெய்க்கு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வரம்பு வைத்திருக்கிறோம். உடம்புக்கும் அது நல்லது. அந்த 5,300-ல் 400 ரூபாயை ஒவ்வொரு மாதமும் தொடாமல் எடுத்து வைத்துவிடுவேன். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்; அதையொட்டியே ராமநாதபுரம் பக்கத்துக் குண்டு மிளகாய் வற்றலும் சந்தைக்கு வரும். வருடத்துக்குத் தேவையான புளி, வற்றல், மல்லி எல்லாம் அந்தப் பணத்தில்தான். வெயிலில் காயவைத்துக் கட்டி வைத்தால் பிறகு அந்தப் பக்கமே திரும்ப வேண்டியதில்லை. புரட்டாசியில் கறி, மீன் எடுக்காததால் மிஞ்சுவதைத் தீபாவளிப் பலகாரத்துக்கு ஒதுக்கிவிடுகிறேன். எண்ணெயும் கடலைமாவும் அந்த மாதம் சும்மா விடாது.

பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவரும் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கொத்தமல்லிக்கட்டு ஒன்று வேண்டும் என்று திறப்போம். இலவச டெலிவரிக்கு இன்னும் எண்பது ரூபாய்க்கு வாங்கச் சொல்லும். சிப்ஸ் ஏறும், ஐஸ்கிரீம் ஏறும். கொத்தமல்லி இல்லாவிட்டால் கறிவேப்பிலை போட்டுச் சமைப்பது எங்கள் வீட்டுச் சட்டம். பிள்ளைகளின் தீனிக்கு வாரம் 150 ரூபாய், அதை என்ன செய்வது என்று அவர்களே முடிவு செய்வார்கள். திங்கட்கிழமையே தீர்த்துவிட்டால் அடுத்த திங்கள் வரை பொரிகடலைதான். சண்டை வரும். வரட்டும்.

மொத்த விலைக் கடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கீழமாசி வீதியில் போய் வாங்கினால் விலை குறைவுதான். ஆனால் தனி வீட்டுக்கு ஐந்து கிலோ உளுந்தும் பத்து கிலோ சர்க்கரையும் எதற்கு? கையில் நிறைய இருந்தால் தாராளமாகத்தான் அள்ளுவோம், மழைக்காலத்தில் வண்டும் வந்துவிடும். அக்கம்பக்கம் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து பிரித்துக்கொள்வதாக இருந்தால் போகலாம். இல்லாவிட்டால் தெருமுனை அண்ணாச்சி கடையே போதும், ரொக்கமாக வாங்கும்வரை. கடன் நோட்டு போட்டால் பிஸ்கட்டும் சோடாவும் யார் வாங்கியது என்று தெரியாமலே மாதக் கடைசியில் பில்லாக வரும். செயலி வேண்டாம் என்பேன். அடுப்படியில் ஒரு நோட்டும் நூலில் கட்டிய பென்சிலும் இருந்தால், வீட்டில் யார் வாங்கி வந்தாலும் எழுதலாம். உங்கள் செல்போனில் இருக்கும் செயலியில் நீங்கள் மட்டும்தான் எழுதுவீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் மூன்று மாதம் தொடர்ந்து 13,000 ஆகிறது என்றால், உங்கள் வீட்டுச் செலவே 13,000தான், 12,000 தவறான தொகை. அந்த ஆயிரத்தைத் துணி, ஹோட்டல், சினிமா டிக்கெட் எதிலிருந்தாவது எடுங்கள். குறைத்தே ஆக வேண்டுமென்றால் நான் முதலில் குறைப்பது பேக்கரி, பிறகு ஆட்டுக்கறி, பிறகு பேக்கேஜ் செய்த ஜூஸ். பிள்ளைகளின் முட்டையிலும் வாழைப்பழத்திலும் அத்தையின் பாலிலும் கை வைப்பதில்லை.